சான்றிதழும் சமையற்கூடமும்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழா என்பது வழிபாடு, அறவுரை, அன்னம் என்னும் மூன்றும் சேர்ந்தது. முதல் இரண்டைப் பற்றி விழா மேடைகளில் ஆண்டுதோறும் பேசப்படுகிறது. மூன்றாவதாகிய அன்னம் பந்தியில் பரிமாறப்படுகிறது. உண்டு கைகழுவியதும் மறக்கப்படுகிறது. அதைச் சமைத்த கைகள் யாருடையவை, அக்கைகள் எதைக் கற்றிருக்கின்றன என்று கேட்பார் அரியர். இவ்வுரை அந்தக் கைகளைப் பற்றியது. உணவைக் கையாளும் தொழிலாளர்க்கு இன்று இணையவழியாக அளிக்கப்பெறும் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி, அதன் முடிவில் கிடைக்கும் சான்றிதழ், அச்சான்றிதழ் உண்மையாவதற்கு ஓர் அறக்கட்டளை செய்யவேண்டிய கடமை ஆகியவையே இதன் பொருள்.

தாவர உணவு என்றாலே தீங்கற்றதா?

புலால் நீக்கியோர் இல்லங்களில் ஓர் எண்ணம் ஆழப் பதிந்துள்ளது. ஊனும் கள்ளும் தேனும் விலக்கிய உணவு தூயது. தூய உணவால் நோய் வராது என்பதே அந்த எண்ணம். முன்பாதி அறத்தின்பாற்பட்டது, அதில் ஐயமில்லை. பின்பாதி உடற்கூற்றின்பாற்பட்டது, அதைத் தனியே ஆராயவேண்டும்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60 கோடிப் பேர் மாசுற்ற உணவால் நோயுறுகின்றனர். 4 இலட்சத்து 20 ஆயிரம் பேர் இறக்கின்றனர். இறப்பவருள் 1 இலட்சத்து 25 ஆயிரம் பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். இத்துயரமெல்லாம் புலால் உண்போர்க்கே உரியது என்று கருதிவிட முடியாது. வெள்ளைச் சோற்றை எடுத்துக்கொள்வோம். அரிசியில் இயல்பாகவே இருக்கக்கூடிய ‘பேசில்லஸ் சீரியஸ்’ என்னும் நுண்ணுயிர், விதை போன்ற உறைநிலையில் கொதிநீரையும் தாங்கி நிற்கும். சோறு வெந்து இறக்கப்பட்டு, பெரிய அண்டாவிலேயே மெல்ல ஆறும்போது, அவ்விதை முளைத்துப் பெருகத் தொடங்கும். அது உண்டாக்கும் ஒருவகை நஞ்சு மறுபடி சூடேற்றினாலும் அழிவதில்லை. காலையில் வடித்த சோற்றை மாலையில் சுடவைத்துப் பரிமாறினால் சூடு இருக்கும். தீங்கும் அப்படியே இருக்கும்.

பெருக்கத்தின் கணக்கு எளியது. ஏற்ற வெப்பமும் ஈரமும் கிடைத்தால் பல நுண்ணுயிர்கள் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு மணி நேரத்தில் 4,096 ஆகும். ஏழு மணி நேரத்தில் 20 இலட்சத்தைக் கடக்கும். இப்பெருக்கத்துக்கு உகந்த எல்லை 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரை. சித்திரை வெயிலில் பந்தலின் கீழ் வைக்கப்பட்ட பாத்திரம் இந்த எல்லைக்குள்தான் நாள் முழுதும் நிற்கிறது. சூடான உணவை 60 பாகைக்குக் குறையாமலும், குளிர்ந்த உணவை 5 பாகைக்கு மேற்படாமலும் காக்கவேண்டும் என்னும் பாடம் பயிற்சியின் முதல் வகுப்பிலேயே இடம்பெறுவதன் காரணம் இதுவே.

புளிச்சோறு வழிப்பயணத்துக்கு ஏன் தாங்குகிறது, பச்சைத் தேங்காய் அரைத்த துவையல் ஏன் சில மணி நேரத்தில் கெடுகிறது என்பதைப் பாட்டிமார் பட்டறிவால் அறிந்திருந்தனர். புளிப்பில் நுண்ணுயிர் தளரும். ஈரமும் இனிப்பும் கொழுப்பும் சேர்ந்த பச்சைப்பொருளில் அது தழைக்கும். பயிற்சி வகுப்பு இந்தப் பட்டறிவுக்குக் காரணம் சொல்கிறது. காரணம் அறிந்தவர், பாட்டி சமைத்திராத புதுப் பண்டத்துக்கும் அதே விதியைப் பொருத்திப் பார்க்க வல்லவராகிறார்.

மரபு கற்பித்ததும் அதன் எல்லையும்

சமண இல்லங்களில் நீரைத் துணியால் வடிகட்டிப் பருகுவது தொன்றுதொட்ட ஒழுக்கம். கண்ணுக்குப் புலனாகாத நீர்வாழ் உயிர்களுக்கு ஊறு நேராதிருக்க எழுந்த விதி அது. வங்கதேசச் சிற்றூர்களில் ரீட்டா கோல்வெல் என்னும் அறிவியலாளர் தம் குழுவினருடன் நடத்தி 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, பழைய பருத்திச் சேலையைப் பலமடிப்பாக மடித்து நீரை வடிகட்டிய இடங்களில் காலரா நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததைக் காட்டியது. காலராக் கிருமி நீரில் மிதக்கும் நுண்ணிய உயிரிகளின்மேல் ஒட்டி வாழ்வது. துணி அவ்வுயிரிகளைத் தடுப்பதால் அவற்றோடு கிருமியும் பெருமளவு தடுக்கப்படுகிறது. உயிரிரக்கத்தால் தோன்றிய ஒரு பழக்கம் மனிதர்க்கும் காப்பாக அமைந்தது வியப்புக்குரியது.

எனினும் எஞ்சிய பாதியை மறக்கலாகாது. தனித்துத் திரியும் கிருமியைத் துணி தடுக்காது. ஆதலின் வடித்த நீரைக் கொதிக்கவைப்பதும் சேர்ந்தால்தான் காப்பு முழுமை பெறும்.

திகம்பர மரபில் அரைத்த மாவுக்கு நாள்வரை உண்டு. குளிர்காலத்தில் 7 நாள், கோடையில் 5 நாள், மழைக்காலத்தில் 3 நாள் என்பது அவ்வரையறை. ஈரம் மிகுந்த பருவத்துக்கே மிகக் குறைந்த நாள் வகுக்கப்பட்டிருப்பதை நோக்குக. இன்று பொட்டலத்தின்மேல் அச்சிடப்படும் ‘பயன்படுத்தத்தக்க கடைசி நாள்’ என்னும் குறிப்பின் உட்பொருள் அதில் அடங்கியுள்ளது. கதிரவன் மறைவதற்குள் உண்டு முடிப்பதும், உணவை இரவு கடந்து வைத்திராமல் இருப்பதும் அவ்வாறே காப்பளிப்பவை.

ஆனால் இம்மரபுகள் இல்லத்துச் சமையலுக்கு ஏற்பட்டவை. பத்துப் பேர்க்கு வடித்த சோறு ஆறுமுன்பே உண்ணப்பட்டுவிடும். ஆயிரம் பேர்க்குரிய சோறு விடியுமுன் வடிக்கப்பட்டு, நண்பகல் கடந்தும் பரிமாறப்படுகிறது. இல்லத்தில் சமைப்பவர் அவ்வீட்டுப் பெண்மணி, மரபை அறிந்தவர். விழாவில் சமைப்பவர் ஒப்பந்தத்துக்கு வந்த சமையல் மாஸ்டரும் அவருடன் வந்த எடுபிடி ஆட்களும். காய் நறுக்கும் பெண்ணுக்கு அன்றைய கூலி தெரியும். மாவின் நாள்வரை தெரியவேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. மரபு அறியாத கையிடம் சமையல் ஒப்படைக்கப்படும்போது, அக்கைக்குக் கற்பிக்கும் பொறுப்பு ஒப்படைப்பவரைச் சேர்கிறது.

சட்டம் சொல்வது

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன்கீழ் அமைந்த இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வகுத்த உரிமம், பதிவு பற்றிய விதிகள் 2011ஆம் ஆண்டு ஆகஸ்டு 5 முதல் நடைமுறைக்கு வந்தன. உணவகங்களுக்கும் ஆலைகளுக்கும் மட்டுமே இவை உரியவை என்று பலர் எண்ணுகின்றனர். சமய விழாக்களிலும் சமூகக் கூட்டங்களிலும் உணவு வழங்குவோரையும் அவ்விதிகள் சிறு உணவுத் தொழில்முனைவோர் என்னும் வகையுள் சேர்த்துள்ளன. ஆகவே ஜினாலயத்து அன்னதானமும் சட்டத்தின் பார்வைக்கு உட்பட்டதே.

அவ்விதிகளின் நான்காம் அட்டவணை சமையற்கூடத்தின் அன்றாட நடைமுறையைப் பேசுகிறது. நீர், வடிகால், பாத்திரம், கழிவு, பூச்சித் தடுப்பு ஆகியவற்றோடு பணியாளர் உடல்நலமும் அதில் இடம்பெறுகிறது. உணவைக் கையாள்வோர் ஆண்டுக்கொருமுறை மருத்துவச் சோதனை செய்துகொள்ளவேண்டும். குடற்காய்ச்சல் வகை நோய்களுக்குத் தடுப்பூசி பெறவேண்டும். தொற்றுநோயோ ஆறாப் புண்ணோ உடையவர் உணவைத் தொடலாகாது.

இவற்றைக் கற்பிக்க ஆணையம் 2017ஆம் ஆண்டு ‘ஃபோஸ்டாக்’ எனச் சுருக்கமாக வழங்கப்படும் பயிற்சி, சான்றளிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அடிப்படை, மேல்நிலை, சிறப்பு என மூவகைப் பாடங்கள் அதில் உண்டு. உணவு சமைத்து வழங்குதல், தயாரிப்பு, சில்லறை விற்பனை, சேமிப்பு, தெருவோர உணவு எனத் தொழிலுக்கேற்பப் பாடம் பிரிக்கப்பட்டுள்ளது. பயின்று தேர்வில் தேறியவர் ‘உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர்’ எனப்படுவார். 25 பணியாளர்க்கு ஒருவரேனும் அத்தகுதி உடையவராக இருத்தல் வேண்டும். சான்றிதழ் இரண்டாண்டுக்குச் செல்லும். பின்னர் மீண்டும் பயிலவேண்டும். வழிபாட்டிடங்களுக்கென்றே ‘போக்’ என்னும் திட்டம் ஒன்றும் உண்டு. பிரசாதமும் அன்னதானமும் வழங்கும் இடங்கள் பதிவு பெற்று, சமையலாளர்க்குப் பயிற்சியளித்து, தணிக்கைக்கு உட்பட்டுச் சான்று பெறுவது அதன் முறை. தமிழகத்துக் கோயில்கள் பல அவ்வாறு சான்று பெற்றுள்ளன.

இணையவழிப் பயிற்சி: நன்மையும் குறையும்

கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் இப்பயிற்சி இணையத்துக்கு இடம்பெயர்ந்தது. தளத்தில் பெயரைப் பதிந்து, பாடத்தையும் பயிற்றுநரையும் தேர்ந்து, குறித்த நேரத்தில் காணொலி வகுப்பில் அமர்ந்து, வினாக்களுக்கு விடை தேர்ந்தால் சான்றிதழைத் தரவிறக்கம் செய்துகொள்ளலாம். அடிப்படைப் பாடம் அரை நாளில் முடிந்துவிடும்.

நன்மை வெளிப்படை. வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் இருக்கும் சமையலாளர் பேருந்தேறிச் சென்னைக்கு வரவேண்டியதில்லை. ஒரு நாள் கூலியை முற்றும் இழக்கவேண்டியதில்லை. ஊர்ப்பெண்கள் பதின்மர் ஓரிடத்தில் அமர்ந்தே கற்கலாம்.

குறையும் வெளிப்படையே. கைப்பேசியில் பாடம் ஓடிக்கொண்டிருக்க, பெயர் பதிந்தவர் அடுப்படியில் இருக்கலாம். தேர்வு வினாவுக்கு வீட்டுப் பிள்ளை விடை தரலாம். பாடம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ நடந்தால் படம் மட்டுமே கண்ணில் பதியும். எல்லாவற்றுக்கும் மேலாக, கை கழுவும் முறையைத் திரையில் பார்த்தவர் கை கழுவுகிறாரா என்பதைத் திரை பார்ப்பதில்லை. உணவுத் தொழிலாளர் பயிற்சியை ஆராய்ந்தோர் மீண்டும் மீண்டும் கண்ட உண்மை ஒன்று: பயிற்சியால் அறிவு விரைவில் உயர்கிறது, பழக்கம் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை.

ஆதலின் சான்றிதழ் ஒருவர் ஒரு நாளில் சில செய்திகளைக் கேட்டார் என்பதற்கு மட்டும் சாட்சி. அடுத்த நாள் அவர் அவ்வாறே செய்தார் என்பதற்குச் சாட்சி சமையற்கூடம்தான். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கடக்க உதவவேண்டியவர் யார்? இக்கேள்விக்கு விடை காண, வரலாற்றில் இரு நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்த்தல் தகும்.

மேரி மேலன் என்னும் சமையற்காரி

அயர்லாந்தில் பிறந்து அமெரிக்காவுக்குச் சென்ற மேரி மேலன், நியூயார்க் நகரச் செல்வர் இல்லங்களில் சமையல் செய்து பிழைத்தவர். கைப்பக்குவத்தால் நற்பெயர் பெற்றவர். 1906ஆம் ஆண்டுக் கோடையில் அவர் பணியாற்றிய வீட்டில் பதினொருவருள் அறுவர் டைஃபாய்டு காய்ச்சலுக்கு ஆளாயினர். காரணம் தேடிய ஜார்ஜ் சோப்பர் என்னும் சுகாதாரப் பொறியாளர், அவர் முன்பு சமைத்த பல வீடுகளிலும் அக்காய்ச்சல் தோன்றியிருந்ததைக் கண்டறிந்தார். மேரிக்கோ நோயின் அறிகுறி எதுவும் இல்லை. நோயால் வாடாமலே கிருமியைச் சுமந்து திரிபவர் உண்டு என்பது அக்காலத்துக்குப் புதிய செய்தி. கொதிக்கவைத்த உணவால் கிருமி பரவாது. அவர் செய்த பச்சைப் பீச்சுப்பழம் சேர்த்த ஐஸ்கிரீம்தான் வழியாக இருந்திருக்கும் என்று சோப்பர் கருதினார். புலாலற்ற இனிப்புப் பண்டம் அது என்பது இங்கே நினைக்கத்தக்கது.

1907ஆம் ஆண்டு அவர் ஒரு தீவில் தனித்து வைக்கப்பட்டார். இனிச் சமையல் வேலைக்குச் செல்வதில்லை என்று உறுதிமொழி பெற்று 1910இல் விடுவித்தனர். சலவை வேலையில் கிடைத்த கூலி சமையலில் கிடைத்ததைவிடக் குறைவு. தம்மிடம் நோயில்லை என்றே அவர் நம்பினார்; பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் சமையலுக்குச் சென்றார். 1915ஆம் ஆண்டு ஒரு மகப்பேற்று மருத்துவமனையில் 25 பேர் நோயுற்று இருவர் இறந்தபோது, அங்கே சமைத்தவர் மேரி என்பது தெரியவந்தது. அன்று முதல் 1938இல் இறக்கும்வரை அவர் வாழ்வு அத்தீவிலேயே கழிந்தது.

அவரைப் பழிப்பது எளிது. ஆனால் அவருக்கு ஆணை கிடைத்தது. அவர் மனம் கொள்ளும்படியான விளக்கம் கிடைக்கவில்லை. தொழிலை விடச் சொன்னார்கள்; அதற்கு ஈடான பிழைப்பைத் தரவில்லை. இன்றும் வயிற்றுப்போக்கோடு வேலைக்கு வரும் எடுபிடிப் பெண்ணின் நிலை இதுவே. வரவில்லையென்றால் அன்றைய கூலி இல்லை. நோயுற்றவர் உணவைத் தொடலாகாது என்று பயிற்சியில் கேட்டிருப்பார். சரியான விடையைத் தேர்ந்து சான்றிதழும் பெற்றிருப்பார். அவ்விடையைப் பின்பற்றும் வசதியை அவருக்கு யார் தருவது?

கேட்கப்படாத சமையற்காரரின் சொல்

மற்றொன்று அண்மைக் காலத்தது. 2013ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் மதிய உணவு உண்ட குழந்தைகளுள் 23 பேர் இறந்தனர். சமையல் எண்ணெயில் மானோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது என்று ஆய்வில் தெரிந்தது. அன்று இலையில் இருந்தது சோறும் சோயாவும் உருளைக்கிழங்கும். முழுதும் தாவர உணவு. சமைத்த பெண் எண்ணெயைக் குறித்து ஐயம் எழுப்பியதாகவும், அதையே பயன்படுத்துமாறு பணிக்கப்பட்டதாகவும் அந்நாளைய செய்திகள் பதிவு செய்தன.

அந்தப் பெண்ணின் மூக்கு உண்மையைக் கண்டது. அவர் சொல்லுக்கு அதிகாரம் இருந்திருந்தால் அடுப்பு அணைந்திருக்கும். பயிற்சி எவ்வளவு சிறந்ததாயினும், ‘இது வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை சமைப்பவர்க்கு இல்லையாயின் அப்பயிற்சி பயன்படாது. விழா நாளில் அறங்காவலர் ஒருவர், “மீந்த குழம்பை வீணாக்க வேண்டாம், மாலைப் பந்திக்கு வைத்துக்கொள்ளுங்கள்” என்று நல்லெண்ணத்தோடு சொல்லக்கூடும். “ஐயா, இது நான்கு மணி நேரமாக வெளியில் இருந்தது, பரிமாறக்கூடாது” என்று சமையலாளர் சொன்னால், அறங்காவலர் அதற்குக் கட்டுப்படவேண்டும். அவ்வாறு கட்டுப்படுவதற்கு அறங்காவலரும் அதே பாடத்தைக் கேட்டிருக்கவேண்டும்.

அறக்கட்டளை செய்யத்தக்கவை

முதலாவது, பயிற்சியைக் கூடிக் கற்பது. இணைய வகுப்பைத் தனித்தனிக் கைப்பேசியில் விடாமல், திருமண மண்டபத்திலோ பாடசாலையிலோ பெருந்திரையில் காட்டலாம். தமிழில் கற்பிக்கும் பயிற்றுநரை முன்கூட்டியே கேட்டுப் பெறவேண்டும். ஒப்பந்தச் சமையலாளர், அவருடைய உதவியாளர், பரிமாறும் இளைஞர், பாத்திரம் துலக்கும் பெண்கள், மேற்பார்க்கும் அறங்காவலர் ஆகிய அனைவரும் ஒரே வரிசையில் அமரட்டும். புரியாத இடத்தில் நிறுத்தி விளக்கப் படித்த இளைஞர் ஒருவர் அருகில் இருக்கட்டும். வகுப்பில் விளக்க முடியும். தேர்வில் விடை சொல்லித் தரலாகாது.

இரண்டாவது, திரை முடிந்ததும் அடுப்படிக்குச் செல்வது. எண்ணெயில் குழைத்த மஞ்சளைக் கையில் பூசி, வழக்கம்போல் கழுவச் சொல்லிப் பார்க்கலாம். நகக்கண்ணிலும் விரலிடுக்கிலும் எஞ்சும் மஞ்சள், அழுக்கு எங்கே தங்குகிறது என்பதைச் சொற்பொழிவின்றிக் காட்டிவிடும். பிறகு சோப்பிட்டு 20 நொடி தேய்த்துக் கழுவினால் வேறுபாடு விளங்கும். உணவுக்குள் செருகிப் பார்க்கும் வெப்பமானி ஒன்று பெரும்பொருள் செலவன்று. அதை அண்டாவின் நடுவில் வைத்து 60 பாகைக்கு மேல் நிற்கிறதா என்று பார்க்கப் பழக்கவேண்டும். ஆறவைக்க வேண்டிய உணவை ஆழமான அண்டாவில் விடாமல் அகன்ற தட்டங்களில் பரப்பக் காட்டவேண்டும். வடையையும் பஜ்ஜியையும் செய்தித்தாளில் வடியவிடும் வழக்கத்தை அன்றே நிறுத்தலாம். அச்சுமை உணவில் ஏறும் என்பதால் செய்தித்தாளில் உணவைப் பொதிவதை ஆணையம் தடுத்துள்ளது. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதற்கும் வரையறை உண்டு. எண்ணெயில் சேரும் முனைவுறு சேர்மங்கள் 25 விழுக்காட்டைக் கடந்தால் அது சமையலுக்கு ஆகாது என்பது 2018ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதி.

மூன்றாவது, செலவை ஏற்பது. பயிற்சிக் கட்டணம், பயிற்சி நாளுக்குரிய கூலி, மருத்துவச் சோதனைச் செலவு, தடுப்பூசிச் செலவு ஆகியவற்றைத் தொழிலாளர் தலையில் சுமத்தலாகாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உணவுத் தொழிலாளர்க்கான பயிற்சி அட்டை கட்டாயம். அதற்குரிய கட்டணத்தையும், கற்கும் நேரத்துக்கான ஊதியத்தையும் வேலை தருபவரே ஏற்கவேண்டும் என்று 2024 ஜனவரி 1 முதல் அங்கே சட்டம் கூறுகிறது. சட்டம் வற்புறுத்தித்தான் செய்யவேண்டும் என்பதில்லை. அறத்துக்கென்றே ஏற்பட்ட ஓர் அமைப்பு அதைத் தானே முன்வந்து செய்யலாம்.

நான்காவது, நோயுற்ற நாளுக்கும் கூலி தருவது. இவ்வுரையில் சொல்லப்படுபவற்றுள் இது சிறு செலவினது, பெரும் பயனுடையது. விழாவுக்கு அமர்த்தப்பட்ட ஒருவர் வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், கையில் சீழ்ப்புண் ஆகியவற்றுள் ஒன்றைத் தாமே முன்வந்து சொன்னால், அவர் கூலி குறையாது என்று முதல் நாளே அறிவிக்கவேண்டும். இருவர்க்கு அவ்வாறு கூலி தர நேர்ந்தாலும், அது ஒரு வேளைப் பாயசத்தின் செலவைத் தாண்டாது. மறைத்து வேலை செய்த ஒருவரால் ஒரு பந்தியே நோயுறக்கூடும். அப்பந்தியில் முதியோர் இருப்பர், கருவுற்ற மகளிர் இருப்பர், நோன்பு முடித்துப் பாரணை செய்வோர் இருப்பர், பச்சிளங்குழந்தைகள் இருப்பர்.

ஐந்தாவது, ஒரு நாட்குறிப்பு வைத்திருப்பது. எந்தப் பண்டம் எப்போது இறக்கப்பட்டது, எப்போது பரிமாறி முடிந்தது, மீந்தது என்னவாயிற்று என்னும் மூன்று செய்திகளும் ஒரு தாளில் எழுதப்பட்டால் போதும். ‘வடித்தது 9.30, கடைசிப் பந்தி 12.45’ என்று எழுதத் தொடங்கிய சமையற்கூடத்தில் அடுத்த விழாவுக்குச் சமையல் நேரம் தானாகவே திருந்தும். எல்லாவற்றையும் விடியுமுன் சமைத்து வைப்பதை விடுத்து, பந்திக்கேற்பப் பிரித்துச் சமைக்கும் வழக்கம் உருவாகும்.

நான்கு தானங்களும் ஒருங்கே

சிராவகர்க்குரிய தானங்களை உணவு, மருந்து, அறிவு, அபயம் என நான்காகப் பிரித்து உரைப்பது மரபு. பந்தியில் சோறிடுவது முதல் தானம் என்பதை எவரும் அறிவர். அச்சோற்றைச் சமைக்கும் தொழிலாளர்க்குப் பயிற்சியளிப்பது அறிவு தானம். அவருக்கு மருத்துவச் சோதனையும் தடுப்பூசியும் செய்விப்பது மருந்து தானம். ‘உண்மையைச் சொன்னால் கூலி போகுமே’ என்னும் அச்சத்தை அவரிடமிருந்து நீக்குவதும், ‘உண்டால் என்ன ஆகுமோ’ என்னும் ஐயமின்றி உண்பவரை அமரச்செய்வதும் அபய தானம்.

கொல்லாமை என்பது கருதிக் கொல்லாதிருத்தல் மட்டுமன்று என்பதைச் சமண நூல்கள் நெடுகப் பேசுகின்றன. கவனக்குறைவால் நேரும் தீங்கும் தீங்கே என்று கருதியே, நடப்பதிலும் பேசுவதிலும் பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் விழிப்பு வேண்டும் என்று முனிவர்க்குச் சமிதிகள் வகுக்கப்பட்டன. கீழே பார்த்து நடப்பவர் எறும்பைக் காப்பது போல, நேரம் பார்த்துச் சமைப்பவர் உண்பவரைக் காக்கிறார். அவ்விழிப்பைக் கூலிக்கு வந்தவரிடம் எதிர்பார்க்கும் முன், அதற்குரிய கல்வியையும் ஊதியத்தையும் உரிமையையும் அவருக்குத் தந்தாயிற்றா என்று ஒவ்வோர் அறக்கட்டளையும் தன்னைக் கேட்டுக்கொள்ளல் தகும்.

அடுத்த திருவிழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. சமையல் ஒப்பந்தம் எழுதும்போதே பயிற்சி நாளையும், நோயுற்ற நாட்கூலியையும் அதில் இரு வரிகளாகச் சேர்த்துவிடலாம். வரும் ஆண்டு மலரில் நன்கொடையாளர் பெயர்ப் பட்டியலுக்கு அருகே, பயிற்சி பெற்றுச் சான்றிதழ் அடைந்த சமையலாளர், உதவியாளர் ஆகியோரின் பெயர்களும் அச்சேறட்டும். பொருள் கொடுத்தவரைப் போலவே, கருத்தோடு சமைத்தவரும் அந்த அன்னதானத்தில் பங்குடையவர்.

 அறம் வளர்க, அனைத்துயிரும் இன்புறுக.